எரியும் கையும் ரம்பமும்: 1517-ல் அச்சான இரண்டு படங்கள்

ஊன்றுகோலில் சாய்ந்து நிற்கும் ஒரு மனிதன் கையைத் தூக்கிக் காட்டுகிறான். கையில் விளக்கும் இல்லை, பந்தமும் இல்லை. கையே எரிகிறது. விரல்களிலிருந்து தீ நாக்குகள் நெளிந்து மேலே போகின்றன. ஒரு கால் ஏற்கெனவே போய்விட்டது, ஊன்றுகோல் அதற்காகத்தான். அவன் முறையிடுவது நீண்ட தாடியும் அகலமான துறவி அங்கியுமாக இருக்கும் ஒரு பெரியவரிடம். அவர் பக்கத்தில் ஒரு பன்றி. பின்னணியில் நேர்த்திக்கடனாகக் கட்டித் தொங்கவிட்ட கைகளும் கால்களும்.

இப்படி ஒரு படம் ஜெபப் புத்தகத்தில் வந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் இது வந்தது ரணவைத்தியக் கையேடு ஒன்றில். எலும்பு முறிவை எப்படிக் கட்டுவது, உடம்பில் பாய்ந்த அம்பை எப்படிப் பிடுங்குவது, அழுகிய காலை எப்படி அறுப்பது என்று சொல்லித்தரும் புத்தகம் அது. எழுதியவர் ஹான்ஸ் ஃபான் கெர்ஸ்டோர்ஃப். போர்க்களங்களில் வேலை பார்த்துத் தொழில் பழகிய ரணவைத்தியர். 1517-ல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் யோஹான் ஷாட் என்பவர் அச்சிட்டார். படங்கள் ஹான்ஸ் வெக்ட்லின் என்ற ஓவியருடையவை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். புத்தகம் லத்தீனில் இல்லை, ஜெர்மன் மொழியில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படித்த வைத்தியர்கள் ரத்தத்தில் கை வைக்க மாட்டார்கள். கை வைப்பவர்களுக்கு லத்தீன் தெரியாது. புத்தகம் அந்த இரண்டாம் வகை ஆட்களுக்கானது.

மரச்செதுக்கு முறையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடலாம், ஏனென்றால் இந்தப் படம் இப்படி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பேரிமரம் போன்ற கெட்டியான மரப்பலகையில் படத்தை வரைவார்கள். அப்புறம் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேலே நிற்கும் கோடுகளில் மை பிடிக்கும். பலகையின் உயரமும் ஈய எழுத்துகளின் உயரமும் ஒன்றாக இருப்பதால் படத்தையும் எழுத்தையும் ஒரே அழுத்தில் அச்சடிக்கலாம், செலவு குறைவு. ஆனால் கறுப்புக் கோடு, வெள்ளைத் தாள் இரண்டைத் தவிர ஓவியனிடம் வேறெதுவும் இல்லை. சிவந்த தோலையோ, கறுத்துக் காய்ந்த விரலையோ அதில் காட்ட முடியாது. பின்னால் சில பிரதிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், அது வேறு விஷயம். நோய் வெளியே எப்படித் தெரிகிறது என்பதை வெக்ட்லின் வரையவில்லை. நோயாளிக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்பதை வரைந்திருக்கிறார். எரிகிறது என்று நோயாளி சொன்னான், எரிவதாகவே போட்டுவிட்டார். இந்தப் படத்தின் பலமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெரியவர் யார்? நம் ஊரில் அந்தோணியார் என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய பதுவை அந்தோணியார். இவர் அவரல்ல. இவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவர், எகிப்தின் பாலைவனத்தில் தனியாகத் தவம் இருந்து 356-ல் மறைந்தவர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் வனத்து அந்தோணியார் என்று அழைத்து ஜனவரி 17-ல் திருவிழா எடுப்பது இவருக்குத்தான். மேல்கொம்பு இல்லாத சிலுவையும் பன்றியும் இவருடைய அடையாளங்கள்.

எகிப்தியத் துறவிக்கும் ஐரோப்பாவின் நோய்க்கும் என்ன தொடர்பு என்றால், எலும்புகள்தான். அவருடைய திருப்பண்டம் என்று நம்பப்பட்ட எலும்புகள் 11-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து தென்கிழக்கு பிரான்சின் தோஃபினே பகுதிக்கு வந்து சேர்ந்தன. மகனுக்குச் சுகமானதற்கு நன்றியாக ஒரு பிரபு அங்கே நோயாளிகளைக் கவனிக்கும் சகோதரர் குழு ஒன்றைத் தொடங்கினார் என்பது மரபு. 1095 வாக்கில் நடந்ததாகச் சொல்வார்கள். அந்தக் குழு வளர்ந்து அந்தோணியார் சபை ஆயிற்று. அதன் உச்சத்தில் ஐரோப்பா முழுக்க ஏறக்குறைய 370 மருத்துவமனைகள் அதன் கையில் இருந்தன. ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் ஒன்று இருந்தது. கொஞ்சம் தெற்கே, கோல்மார் பக்கத்தில் ஈசன்ஹைம் என்ற ஊரிலும் ஒன்று. கிரூனவால்டின் புகழ்பெற்ற பலிபீட ஓவியம் அந்த ஈசன்ஹைம் மடத்துக்காக, கெர்ஸ்டோர்ஃபின் புத்தகம் வெளிவருவதற்குச் சற்று முன்னால்தான் தீட்டப்பட்டது. வயிறு உப்பி, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடக்கும் ஓர் உருவம் அதன் மூலையில் இருக்கிறது.

பன்றிக்கும் கதை உண்டு. இந்தச் சபை தன் மருத்துவமனைகளை நடத்தியது பெரும்பாலும் காணிக்கையில், அதில் பன்றிகளும் அடக்கம். கழுத்தில் மணி கட்டிய அந்தோணியார் பன்றிகள் தெருவில் தங்கள் இஷ்டத்துக்குத் திரியலாம், கிடைத்ததைத் தின்னலாம், யாரும் விரட்டக்கூடாது. 1131-ல் பாரிஸ் தெருவில் ஒரு பன்றி குறுக்கே பாய்ந்து பிரெஞ்சு இளவரசர் பிலிப்பின் குதிரை இடறியது. கீழே விழுந்த இளவரசர் இறந்துபோனார். அதன் பிறகு நகரத்தில் பன்றி திரியத் தடை வந்தபோதுகூட, அந்தோணியார் பன்றிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. சபையின் செல்வாக்கு எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பன்றியின் கொழுப்பு மூலிகைகளோடு சேர்ந்து புண்ணுக்குக் களிம்பானது. இறைச்சி நோயாளிகளின் தட்டுக்குப் போனது.

இனி நோய்க்கு வருவோம். அந்தோணியார் நெருப்பு என்று அதற்குப் பெயர். தோலில் ஊசி குத்துவதுபோல் ஆரம்பிக்கும், அப்புறம் தாங்க முடியாத எரிச்சல். பிறகு மரத்துப்போகும். விரல் நுனிகள் கறுத்து, சுருங்கி, விறகுபோல் காய்ந்து, சில சமயம் ஒரு சொட்டு ரத்தம்கூட வராமல் மூட்டோடு கழன்று விழும். 857-ஆம் ஆண்டுக்கான, ஜெர்மனியின் ஸான்டன் வரலாற்றுக் குறிப்பு இப்படி உறுப்புகள் உதிர்ந்து மக்கள் செத்ததைப் பதிவு செய்கிறது. 994-ல் அக்விட்டேன் பகுதியில் இந்த நோய்க்கு 40,000 பேர் பலியானதாகப் பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, பயம் எவ்வளவு என்பது மட்டும் தெரிகிறது.

காரணம் ரொட்டியில் இருந்தது. ஏழைகளின் தானியம் ரை. கடுங்குளிருக்குப் பின் ஈரமான வசந்தம் வந்தால், ரைக் கதிரின் பூக்களை எர்காட் என்ற பூஞ்சை பிடிக்கும். மணி இருக்க வேண்டிய இடத்தில் கருஊதா நிறத்தில், மணியைவிட நீளமாக, சேவலின் முள்போல் வளைந்த ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அதையும் சேர்த்து அரைத்து ரொட்டி சுட்டால், அதிலுள்ள வேதிப்பொருள்கள் ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கிவிடும். முதலில் ரத்தம் எட்டாமல் போவது உடம்பின் கடைக்கோடிகளுக்கு, அதாவது கால்விரல்களுக்கும் கைவிரல்களுக்கும். தானியம் பழையதாக ஆக விஷம் குறையும். வசதியுள்ளவன் பழைய தானியம் சாப்பிடுவான், இல்லாதவன் அறுத்த கையோடு புதுத் தானியத்தை அரைப்பான். அதனால் அறுவடை முடிந்த கையோடு நோய் கிளம்பும், முதலில் குடிசைகளில்.

இந்தப் பூஞ்சைக் குடும்பம் நம் விவசாயிகளுக்கும் தெரிந்ததுதான். கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் இதன் உறவுக்கார வகை. 1975-ல் ராஜஸ்தான் கிராமங்களில் இந்த நோய் பிடித்த கம்பைத் தின்றவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வந்தன. கம்பில் வளரும் வகையின் வேதிப்பொருள்கள் வேறு என்பதால் கை கால் அழுகவில்லை. விதைக் கம்பை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் பூஞ்சை முடிச்சுகளை அள்ளி எறியச் சொல்வது இதற்காகத்தான்.

1517-ல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நோய்க்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு ஒரு புனிதர் இருந்தார். படத்தோடு அச்சான நான்கடி ஜெபப் பாட்டின் சாரம் இது: பெரிய அந்தோணியாரே, எங்களுக்கு ஓயாமல் அருள் பெற்றுத் தாரும், பாவ மன்னிப்பும் கடவுளின் தயவும் பெற்றுத் தாரும், உம்முடைய கொடிய நெருப்பிலிருந்து எங்களைக் காத்தருளும். நெருப்பு அவருடையது. நோயைத் தணிப்பவர் மட்டுமல்ல, கோபம் வந்தால் அனுப்புகிறவரும் அவர்தான் என்று மக்கள் நம்பினார்கள். அந்தோணியார் நெருப்பு உன்னைச் சுடட்டும் என்பது அந்தக் காலத்தில் சாதாரணமாக விடும் சாபம். அம்மையைப் போடுகிறவளும் இறக்குகிறவளும் மாரியம்மன்தான் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இதை மனதில் வைத்துப் பார்த்தால், எரியும் கையை நீட்டும் அந்த மனிதன் வைத்தியரிடம் காட்டுவதுபோல் காட்டவில்லை. உம்முடையது என்னிடம் வந்திருக்கிறது, திரும்ப எடுத்துக்கொள்ளும் என்கிறான்.

சரி, புதுமை, அதாவது புனிதர் செய்யும் அற்புதம், நடந்தால் என்ன நடக்கும்? இங்கேதான் இந்தப் படத்தைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். போன கால் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1200-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து ஆயர் ஹியூ, அந்தோணியாரின் எலும்புகள் இருந்த தோஃபினே கோயிலுக்குப் போனார். கூடப் போன ஆடம் என்ற துறவி, அங்கே கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஆண்களும் பெண்களும், இளைஞர்களும் முதியவர்களும் அங்கே இருந்தார்கள். சிலருக்குக் கை இல்லை, சிலருக்குக் கால் இல்லை. நெருப்பு தின்றது போக மிச்சமிருந்த உடம்பு ஆறிப்போய், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். ஆடம் இவர்களைக் குணமானவர்கள் என்றே சொல்கிறார். அவர் பார்வையில் புதுமை என்பது தீ அணைவது. எரிந்துபோனது போனதுதான்.

அங்கே நடந்த சிகிச்சையையும் அவர் விவரிக்கிறார். புனிதரின் எலும்புகளைக் கழுவிய திராட்சை இரசத்தை நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். ஏழு நாளுக்குள் ஒன்று சுகமாகும், இல்லையென்றால் சாவு. பிற்காலத்தில் ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளன்று எலும்புகள்மேல் இரசத்தை ஊற்றிச் சேமிப்பது பெரிய சடங்காகவே ஆனது. இந்த ஏழு நாள் கணக்கில் ஒரு சங்கதி இருக்கிறது. நோயாளி தன் ஊர் ரொட்டியை விட்டுக் கிளம்பி, நாள்கணக்கில் வழியில் கிடைத்ததைத் தின்றுகொண்டு வருகிறான். வந்த இடத்தில் சபையார் நல்ல ரொட்டியும் பன்றி இறைச்சியும் போடுகிறார்கள். விஷம் உள்ளே போவது நின்றால் ரத்தக் குழாய்கள் தளர வாய்ப்புண்டு. அழுகல் முற்றாதவன் பிழைத்துக்கொள்வான். புதுமைகளில் ஒரு பங்காவது இப்படி நடந்திருக்கும் என்று மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் ஊகிக்கிறார்கள். நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். ஒரு சபை பல நூறு ஆண்டுகள் நோயாளிகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு போட்டு, சாகும்வரை தங்க இடம் கொடுத்ததை வெறும் ரொட்டிக் கணக்காகச் சுருக்கிவிடவும் எனக்கு மனமில்லை.

கெர்ஸ்டோர்ஃபின் அதே புத்தகத்தில் இன்னொரு படம் இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் இதற்குத்தான் மவுசு அதிகம், ஏனென்றால் உறுப்பு அறுவைச் சிகிச்சையைக் காட்டி அச்சில் வந்த முதல் படம் இது என்பார்கள். நோயாளி உட்கார்ந்திருக்கிறான், ரணவைத்தியர் அவன் காலை முழங்காலுக்குக் கீழே ரம்பத்தால் அறுக்கிறார். மேலும் கீழும் இறுக்கிக் கட்டிய கட்டுகள் தெரிகின்றன. எல்லாரும் ரம்பத்தையே பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது பக்கத்தில் நிற்கும் ஆளை. அவனுக்கு ஒரு கை மணிக்கட்டோடு போய்விட்டது, மொட்டைக் கையில் ஒரு பை மாட்டியிருக்கிறது. மாடு அல்லது பன்றியின் மூத்திரப்பை அது. அறுத்த இடத்தைத் தைக்காமல், தோலைக் கீழே இழுத்துவிட்டு, சுண்ணாம்பும் படிகாரமும் கலந்த பொடியால் ரத்தத்தை நிறுத்தி, மேலே மூத்திரப்பையைப் போட்டு மூடுவது கெர்ஸ்டோர்ஃபின் முறை. அந்த ஆளின் உடையில் ஒரு சின்னம் இருக்கிறது. மேல்கொம்பு இல்லாத சிலுவை. அந்தோணியாருடையது.

ஆக அந்த ஆள் முதல் படத்திலிருந்து இந்தப் படத்துக்கு நடந்து வந்தவன் மாதிரி நிற்கிறான். அதே நோய், அதே புனிதர். அங்கே எரிந்த கை இங்கே இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறான், நின்றுகொண்டு இன்னொருவனுக்கு அறுப்பதைப் பார்க்கிறான். இந்தப் படத்துக்கும் நான்கடிப் பாட்டு உண்டு. கை கால் வெட்டுவது ஒரு கலை, அது அந்தோணியார் நெருப்பை விரட்டும், ஆனால் எல்லாருக்கும் ஆன வேலையல்ல, நான் செய்வதுபோல் பழகியவனுக்கே அது வரும் என்கிறது. ஜெபத்தில் வந்த அதே நெருப்பு இங்கே ரம்பத்தின் பக்கத்தில் வருகிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கின் அந்தோணியார் மருத்துவமனையில் தான் நூறு, இருநூறு உறுப்புகளை அறுத்ததாகக் கெர்ஸ்டோர்ஃப் எழுதுகிறார். பாட்டின் அலட்டல் அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

மதம் ஒரு பக்கம், மருத்துவம் இன்னொரு பக்கம் என்று பிரித்தே பழகிய நமக்கு, ரணவைத்தியர் ஏன் புனிதர் படத்தைத் தன் கையேட்டில் போட்டார் என்பது புதிராகத் தெரியும். விற்பனைக்காக இருக்கலாம், பழக்கதோஷம் என்றும் சொல்லலாம். ஆனால் அவர் வேலை பார்த்த கூடமே அந்தோணியாருடையது. அறுப்பது அவர் கை. அறுத்தபின் ஆள் பிழைப்பதா சாவதா என்பது அந்தக் காலத்தில் யார் கையிலும் இல்லை. மயக்க மருந்து, கிருமி பற்றிய அறிவு, ரத்தம் ஏற்றுவது எதுவும் இல்லாமல் ஒரு காலை அறுக்கிறவன், அறுப்பதற்கு முன்னால் ஒரு ஜெபம் சொல்வதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? நோயாளிக்கு வேண்டியதும் ஒன்றுதான், நெருப்பு நிற்க வேண்டும். இரசம் குடித்து நின்றாலும் சரி, ரம்பத்தால் நின்றாலும் சரி. முதல் படத்தின் பின்னணியில் தொங்கும் கைகால்களை இந்த வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்க்கலாம். நேர்த்திக்கடனாகக் கட்டியவை மெழுகு உருவங்களாக இருக்கலாம். தோஃபினே கோயிலில் நிஜமாகவே கழன்றும் அறுபட்டும் போன உறுப்புகள் வைக்கப்பட்டிருந்ததாகப் பயணிகள் சொல்லியிருக்கிறார்கள்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். இன்று இந்தப் படத்தை எங்கே போட்டாலும் கீழே எர்காட் நச்சு என்று எழுதிவிடுகிறார்கள். அவ்வளவு நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. அந்தோணியார் நெருப்பு என்ற பெயருக்குள் எரிச்சலும் அழுகலும் கொண்ட பல நோய்கள் இருந்தன. தோலில் பரவும் கிருமித் தொற்று, பனியில் உறைந்த விரல், காயம் அழுகிக் கறுப்பது எல்லாம் அதில் அடங்கும். இத்தாலியர்கள் இன்றைக்கும் அந்தோணியார் நெருப்பு என்று சொல்வது அக்கியை. கெர்ஸ்டோர்ஃப் போர்க்காயங்களைப் பார்த்தவர், அவர் அறுத்த கால்களில் எத்தனை ரொட்டியால் கெட்டவை, எத்தனை பீரங்கிக் குண்டால் கெட்டவை என்று பிரிக்க வழியில்லை.

புத்தகம் வந்த அதே 1517-ன் அக்டோபரில் லூதர் பாவமன்னிப்புச் சீட்டுகளுக்கு எதிராகத் தன் 95 கருத்துகளை வெளியிட்டார். அதில் தொடங்கிய மதச் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் 1529-ல் திருப்பலியையே நிறுத்தியது. எலும்பு கழுவிய இரசத்துக்கும் மணி கட்டிய பன்றிக்கும் அந்த ஊரில் இனி இடமில்லை. கெர்ஸ்டோர்ஃபின் கையேடு மட்டும் மறுபடி மறுபடி அச்சாகிக்கொண்டிருந்தது. கால்கள் அழுகுவதும் நிற்கவில்லை. கெட்டுப்போன ரை மணிதான் காரணம் என்று டெனி டோடார் என்ற மருத்துவர் பிரெஞ்சு அறிவியல் அகாதமிக்கு எழுதியது 1676-ல். அது கெட்டுப்போன மணியல்ல, ஒரு பூஞ்சையின் வாழ்க்கைச் சுற்றில் ஒரு கட்டம் என்று லூயி ரெனே துலான் தெளிவாக்கியது 1853-ல்.

ஆனால் அந்தக் கறுப்பு முள்ளின் குணம் பெண்கள் சிலருக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1582-ல் வந்த ஆடம் லோனிட்ஸரின் மூலிகை நூல், பிரசவ வலியைத் தூண்டப் பெண்கள் இதைக் கொடுக்கிறார்கள் என்றும், ஒரு தடவைக்கு மூன்று முள் என்றும் குறித்து வைத்திருக்கிறது. ரத்தக் குழாயைச் சுருக்குவது கருப்பையையும் சுருக்கும். 1935-ல் இதிலிருந்து எர்கோமெட்ரின் என்ற மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் உறவான மெத்தர்ஜின் ஊசி, பிள்ளை பிறந்தபின் ரத்தம் நிற்காமல் போகும் தாய்மாருக்குப் போடுவது, நம் ஊர்ப் பிரசவ வார்டு நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ரத்த அழுத்தம் அதிகமுள்ள தாய்க்கு அதைப் போட மாட்டார்கள், ரத்தக் குழாய்களை இறுக்கும் பழைய குணம் அதற்கு இன்னும் போகவில்லை.